கை காட்டினால் நிற்கும் வண்டி

செஞ்சி பேருந்து நிலையத்தில் இறங்கி, "சிங்கவரத்துக்குப் போற வசந்தா வண்டி எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் வண்டி எண்ணைச் சொல்ல மாட்டார்கள். "எந்த வண்டி நெறஞ்சி வழியுதோ, அதுக்குள்ளாற இருந்து இன்னும் ஒராளுக்கு எடம் இருக்குதுன்னு ஒரு பொம்பள கத்துதோ, அதான்" என்பார்கள். ஏழு பேர் உட்காரலாம் என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த ஷேர் வேன் அது. அரசாங்கத்துக்கு என்ன தெரியும்? வெள்ளிக்கிழமை சந்தை நாளில் அதில் பதினான்கு பேர், மல்லாட்டை என்று அந்த ஊர் சொல்லும் வேர்க்கடலை இரண்டு மூட்டை, ஓர் ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளாமல் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருடமாக வசந்தா அந்தத் தடத்தில் ஓட்டுகிறாள். அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ரோட்டோரம் கை காட்டியவரை விட்டுவிட்டுப் போகக் கூடாது. வேறு யாரும் போட்ட சட்டமல்ல, அவளே தனக்குப் போட்டுக்கொண்டது. மகள் எழிலுக்கு ஒரு வயது ஆனபோது காய்ச்சலில் கண் சொருகிவிட்டது. சிங்கவரம் ரோட்டில் நின்று வசந்தா கை காட்டினாள். மூன்று வண்டிகள் வந்தன. மூன்றிலும் இடம் இருந்தது. அவள் எந்தத் தெருக்காரி என்பதும் மூன்றிலும் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றும் நிற்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரி வரை ஓடியே போனாள். பிள்ளை பிழைத்தது. அந்தக் கோபத்தில் வண்டி ஓட்டக் கற்றவள்தான். இப்போது அந்த மூன்று வண்டிக்காரர்களில் இரண்டு பேர் அவள் வேனில்தான் டவுனுக்குப் போகிறார்கள். அதில் ஒருவருக்கு இடுப்பு வலி என்று முன்சீட்டே ஒதுக்கித் தருகிறாள்.

அப்படிப்பட்டவள் ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு வாடகைக் காரின் சாவியை வாங்கிக்கொண்டு நின்றாள் என்றால், அந்த நாடு என்ன பாவம் செய்ததோ தெரியவில்லை.

நடந்தது இதுதான். அன்று கண் சொருகிய பிள்ளை பிசியோதெரபி படித்து, வெளிநாட்டு மேல்படிப்பும் முடித்து, வடக்கே இன்வர்னஸ் நகரத்தில் தற்காலிக வேலையில் இருந்தது. விசா முடிய ஐந்தே வாரம். அதற்குள் நிரந்தர வேலை கிடைத்தால் தங்கலாம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அறுபது மைல் தள்ளி, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நேர்காணல் மதியம் இரண்டு மணிக்கு. மூன்று வாரம் மகளோடு இருக்க வந்திருந்த வசந்தாவையும் கூட்டிக்கொண்டு எழில் பஸ்ஸுக்குப் போய் நின்றாள். ஒரு நாளைக்கு ஒரே பஸ்தான். அந்த ஒரே பஸ்ஸும் அன்றைக்கு ரத்து.

"டாக்சி?" என்றாள் வசந்தா.

"நாலு பேருக்கு போன் போட்டுட்டேம்மா. ஒருத்தரும் இல்லயாம்."

"நீயே ஓட்டேன்."

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். இந்தக் குட்டி ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தடுக்கி விழுந்திருந்தது.

"அப்ப நான் ஓட்றேன்" என்றாள் வசந்தா, கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பதுபோல. அங்கேயும் இடப்பக்கம்தான் போக வேண்டும், சுற்றுலா வந்தவர்கள் சொந்த ஊர் லைசென்சிலேயே ஓட்டலாம். அதையெல்லாம் வந்த இரண்டாம் நாளே மகளைக் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தாள். எதற்குக் கேட்கிறாள் என்று மகளுக்குத்தான் அப்போது புரியவில்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ்காரர் இரண்டு மூன்று கார்களை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விபத்து ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு" என்று எழில் வழியாகப் பதில் போயிற்று. "வண்டி நின்னுக்கினு இருந்துது. எருமதான் வந்து மோதிச்சி."

எருமைக்கு அடி பட்டதா என்று அவர் அக்கறையாகக் கேட்டார். நல்ல மனுஷன் என்று வசந்தா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மிச்சம் இருந்த கார் ஒன்றுதான். குட்டியாக, சிவப்பாக, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். வசந்தா வழக்கம்போல ஷூவைக் கழற்றிக் கீழே வைத்தாள், வெறுங்காலோடு ஏறினாள், ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது அல்லவா? அவள் இடது கால் கிளட்சைத் தேடியது. கிளட்ச் இல்லாத இடத்தில் பிரேக் அகப்பட்டது. ஓங்கி மிதித்தாள். கார் எகிறி நின்றது. எழில் கண்ணாடியில் மூக்கை இடித்துக்கொண்டாள். இன்னொரு தரம் கிளப்பினாள், இன்னொரு தரம் எகிறியது. கராஜ்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

வசந்தா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு இடது காலை மடித்துத் தொடைக்கு அடியில் போட்டு, பாதிச் சம்மணமாக உட்கார்ந்துகொண்டாள். "இப்ப வா" என்றாள் காரிடம். கார் வெண்ணெய்போலக் கிளம்பியது.

இருபது அடி போயிருக்காது. பின்னால் கராஜ்காரர் கையை ஆட்டி ஆட்டி ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது. வசந்தா உடனே நிறுத்தினாள், பின் கதவைத் திறந்து விட்டாள். "கம், கம். சீட் ஃப்ரீ" என்றாள்.

பாவம், அவர் ஏற வரவில்லை. அவள் கீழே வைத்துவிட்டு வந்த ஷூக்களைக் கொடுக்க வந்திருந்தார்.

ஊரைத் தாண்டியதும் மலையும் தண்ணீருமாக விரிந்தது. "நம்ம செஞ்சி ராஜகிரி மலைய நாலு நாளு தண்ணில ஊறப்போட்டு, மேல புல்லு நட்டு வுட்டாப்ல இருக்குதுடி" என்றாள் வசந்தா. ரோடு குறுகிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்துக்கு வந்துவிட்டது. அங்கங்கே ஒதுங்கி நிற்க ஓர் இடம் விட்டிருந்தார்கள். எதிரே ஒரு வண்டி வந்தது. வசந்தா ஒதுங்கினாள். அந்த ஆள் போகும்போது கையைத் தூக்கினார்.

வசந்தா கண்ணாடியை இறக்கினாள். "எங்க போவணும்?"

"அம்மா! அவரே கார் ஓட்டிக்கினு வராரு!"

"பெட்ரோல் தீந்து போச்சோ இன்னாமோ."

"வழி வுட்டதுக்கு தேங்க்ஸ் சொல்றாரும்மா. இங்க எல்லாரும் கை தூக்குவாங்க. அதுக்கு ஏறுறேன்னு அர்த்தம் இல்ல."

வசந்தா தலையாட்டினாள். புத்திக்குப் புரிந்துவிட்டது. ஆனால் இருபத்திரண்டு வருடமாக வண்டியை நிறுத்துவது அவள் புத்தியா என்ன? ரோட்டோரம் ஒரு கை உயர்ந்தால் வலது கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும்.

அடுத்த வளைவில் ஒரு கிழவர் கம்பு ஊன்றி, ஒரு கறுப்பு நாயோடு நடந்துகொண்டிருந்தார். கார் மெதுவாக வந்த மரியாதைக்குக் கையைத் தூக்கினார். கார் நின்றது. கதவு திறந்தது. "கம், கம். டாக் ஆல்சோ கம்."

அவர் பெயர் டூகல். அவர் போக வேண்டியது எதிர்ப்பக்கம். அதாவது, சாப்பாட்டுக்கு முன் சும்மா நடந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆனால் மழை தூறியது, முழங்கால் வலித்தது, அதோடு ஒரு சிவப்புக் கார் தானாக நின்று கதவைத் திறந்து கூப்பிட்டு எத்தனை வருடமாயிற்றோ. நாயை முதலில் ஏற்றினார், பிறகு அவர் ஏறினார். எங்கே போகிறோம் என்று மூன்று மைல் கழித்துத்தான் கேட்டார்.

"ரிட்டன் ட்ரிப் இருக்குது, வுட்டுர்றேன்னு சொல்லு" என்றாள் வசந்தா. எழில் நெற்றியில் அடித்துக்கொண்டே சொன்னாள். கிழவருக்குப் பரம சந்தோஷம்.

இரண்டு மைல் தாண்டி, வேலியோரம் ஒரு பெண்மணி முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டு நின்றாள். கையைத் தூக்கியது டூகலைப் பார்த்து. கார் நின்றது. மோரக் என்ற அந்தப் பெண்மணி, எப்படியும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய ஏழரை டஜன் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நாய்க்கும் கதவுக்கும் நடுவே அடங்கினாள். காருக்குள் ஒரே பேச்சு. டூகல் பேசுவது மோரக்குக்குப் புரிந்தது, மோரக் பேசுவது எழிலுக்குப் பாதி புரிந்தது, வசந்தா தமிழில் சொன்னது யாருக்கும் புரியாமலே எல்லோருக்கும் புரிந்தது. மல்லாட்டை மூட்டை ஒன்றுதான் குறைச்சல் என்று அவளுக்குத் தோன்றியது. சிங்கவரம் பதினொரு மணி ட்ரிப்பை ஓட்டுகிற அதே சந்தோஷத்தில் அவள் பாடாத குறையாகப் போய்க்கொண்டிருந்தாள்.

எழில் மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்று பதினைந்து. ஒன்று இருபது.

ஒரு திருப்பத்தில் போலீஸ்காரர் ஒருவர் நடு ரோட்டில் நின்று கையைக் காட்டினார்.

"சாரு எங்க போவணுமாம், கேளு" என்றாள் வசந்தா. "டைட்டாதான் இருக்குது. நாய மடில வச்சிக்கினா வரலாம்."

அந்தக் கை உண்மையாகவே நிற்கச் சொன்ன கை. எங்கோ வேலி சாய்ந்து, முந்நூறு ஆடுகள் ரோட்டில் இறங்கிவிட்டிருந்தன. கம்பளி மூட்டைகளாக ரோடு முழுக்க நின்று, மழையில் நனைந்துகொண்டு, எங்கே போகலாம் என்று ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. போலீஸ்காரர் குனிந்து காருக்குள் பார்த்தார். "டூகல்! நீ இதற்குள் என்ன செய்கிறாய்?"

"நேர்காணலுக்குப் போகிறேன்" என்றார் டூகல் கம்பீரமாக.

மோரக் சிரித்ததில் முட்டை அட்டை குலுங்கியது. போலீஸ்காரரும் சிரித்தார். வசந்தா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அப்போதுதான் எழில் வெடித்தாள்.

"சிரி, நல்லா சிரி! மணி ஒண்ணு இருபத்தஞ்சி. இன்னும் பதினாறு மைல் இருக்குது. கராஜ் ஆளுக்கு நின்ன, தாத்தாவுக்கு நின்ன, முட்டைக்கு நின்ன. ஒண்ணு கேக்கறேன், உண்மைய சொல்லும்மா. எனக்கு இந்த வேல கெடைக்கக் கூடாதுன்னுதான நீ இப்டி நின்னு நின்னு போற? நான் ஊருக்கே வந்துரணும், அதான?"

தமிழில்தான் கேட்டாள். ஆனாலும் பின்சீட்டில் மோரக் முட்டை அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இல்லை என்று சொல்ல வசந்தா வாயைத் திறந்தாள். சொல்ல வரவில்லை. கை காட்டியவர்களுக்காகத்தான் நின்றாள், அது சத்தியம். ஆனால் நின்ற ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒரு மூலையில் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதுவும் சத்தியம். வேலை கிடைக்காவிட்டால் பிள்ளை ஐந்து வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடும். விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி, சாயங்காலம் ஆறு மணிக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து தன் வண்டியில் முன்சீட்டு. இந்தக் கணக்கை வந்த நாளிலிருந்து அவள் மனதுக்குள் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள். பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்! அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக வந்தது.

ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு நடுவே இருபத்திரண்டு வருடம் வேன் ஓட்டியவளுக்கு முந்நூறு ஆடு ஒரு பொருட்டா? ஆடுகளை விரட்டினால் சிதறும், முன்னால் போகிற ஆட்டைப் பிடித்தால் மற்றது தானாக வரும். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். கொம்பு முறுக்கிய ஒரு பெரிய கிடாவின் காதைப் பிடித்தாள். "ஹேய், ட்ர்ர்ர்… வாடா ராசா, வா!" கிடா ஒரு தரம் முறைத்தது. இந்த அதிகாரத்தை அது எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துகொண்டிருக்கும். பேசாமல் அவள் பின்னால் நடந்தது. அதன் பின்னால் பத்து, அந்தப் பத்தின் பின்னால் நூறு. சாய்ந்த வேலி வழியாகவே எல்லாம் வந்த வழியே திரும்பிப் போயின. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

காருக்குத் திரும்பினால் பின் கதவு திறந்திருந்தது. எழில் நனைந்த ரோட்டில் மண்டி போட்டு, டூகலின் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நாயோடு நசுங்கி உட்கார்ந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டு கிழவர் முனகியிருக்கிறார். நேர்காணலுக்கு என்று தேய்த்துப் போட்ட கால்சட்டை சேறாகிக்கொண்டிருந்தது. அவள் கவனிக்கவே இல்லை. ஒரு கை தொடைக்குக் கீழே, ஒரு கை கணுக்காலில். "மெதுவா நீட்டுங்க. இன்னும். மூச்ச வுடுங்க" என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சற்றுமுன் பத்திரகாளியாக நின்ற பிள்ளையா இது என்று வசந்தாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. பெருமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"ஏறுடி" என்றாள். "நேரத்துக்குப் போறோம்."

அதற்குப் பிறகு ஓட்டியது வேறு வசந்தா. வேகத்துக்கு என்று போட்டிருந்த பலகையை மீறவில்லை, ஆனால் அதற்கு ஒரு நூல் கீழே இறங்கவும் இல்லை. ஐந்து பேர் ரோட்டோரத்தில் கை தூக்கினார்கள். ஐந்து முறையும் அவள் வலது கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவளும் ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனாள். முதல் தடவை அழுகையே வந்துவிட்டது. மூன்றாம் தடவை பழகிவிட்டது. ஐந்தாம் தடவை பிடித்தே விட்டது.

கடைசி மேட்டில், வீட்டையே முதுகில் கட்டி இழுத்து வருவதுபோல் ஒரு பெரிய வண்டி எதிரே வந்து முட்டிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவருக்குப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்தார். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர். எழில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கெட்டியா புடிச்சிக்குங்க" என்றாள் வசந்தா. தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தாள். கார் வந்த வேகத்திலேயே பின்னால் போயிற்று, வளைவில் வளைந்தது, ஒதுங்குமிடத்தில் ஊசியில் நூல் கோர்த்தாற்போல் போய் நின்றது. செஞ்சி பஜாரில் தீபாவளிக்கு முதல் நாள் ரிவர்ஸ் எடுத்தவளிடம் போய் இதைப் பெரிதாகப் பேசக் கூடாது. மோரக் முட்டைகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுகூட உடையவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றபோது மணி இரண்டு மூன்று. எழில் இறங்கி ஓடினாள். அவளுக்கு முன்னால் டூகல் ஓடினார். ஓடினார் என்றால் ஓட்டம்தான். கம்பு காருக்குள்ளேயே கிடந்தது. வரவேற்பில் இருந்த அம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். காலைக் காட்ட வா, வா என்று அந்த ஆஸ்பத்திரி ஆறு வருடமாகக் கூப்பிட்டும் வராத மனிதராம் அவர். "இந்தப் பெண் தாமதமாக வந்ததற்குக் காரணம் என் முழங்கால்" என்று அந்த நடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். ஆட்டையும் முட்டையையும் அவர் சொல்லவே இல்லை.

வெளியே வசந்தா காரில் சாய்ந்து நின்றாள். சிங்கவரத்தில் வேனைப் பார்த்துக்கொள்ளும் கணவர் தங்கராசு போன் செய்தார். "இன்னா பண்ற?"

"சும்மா குந்திக்கினு இருக்கறேன்" என்றாள். பக்கத்தில் நாய் அவள் காலை மோந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து எழில் வெளியே வந்தாள். முழங்காலில் சேறு. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. நேராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுத்துல அப்புறம் வருமாம். வாயால சொல்லிட்டாங்க. கெடச்சிருச்சிம்மா."

வசந்தா கூச்சல் போட்டாள். மோரக் கூச்சல் போட்டாள். டூகல் புதுக் காலைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார், நாய் குரைத்தது, மேல் சன்னலில் இருந்து இரண்டு நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா மகளை இடுப்போடு கட்டித் தூக்கி, அந்தச் சின்ன ஊர்த் தெருவில் இரண்டு சுற்றுச் சுற்றி இறக்கினாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நேரத்துக்குக் கொண்டாந்து சேத்துட்டம்மா" என்றாள் எழில். "அப்டி கேட்டுட்டேன். தப்பு."

வசந்தா மகளின் முழங்காலில் ஒட்டியிருந்த சேற்றைக் குனிந்து தட்டிவிட்டாள். நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று. நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண் மட்டும் அவள் சொல்லைக் கேட்கவில்லை.

"தப்பு ஒண்ணும் இல்ல. நீ கேக்கறதுக்கு முன்ன இன்னும் ஒரு நாலு பேர் கை காட்டியிருந்தா, என்கூட ஊருக்கு வந்திருப்ப, எழிலு."